பழைய சரிவின் மேல் சீமெந்து பூசினால் போதுமா?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி, வீட்டு வாசலில் உள்ள சக்கர நாற்காலிச் சரிவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டத்தின் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அதையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய மாமனாருக்கு 63 வயது. ஒன்பது வருடங்களுக்கு முன், மழை தொடங்குமுன் கூரைத் தகரம் மாற்ற ஏறியவர் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, சக்கர நாற்காலியோடு வீடு திரும்பினார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கைகளில் குறையில்லை. லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசிக் காம்பராதான் வீடு. இஸ்தோப்புத் (முன் திண்ணைத்) தரை வாசலைவிட 22 அங்குலம் உயரம். அவர் வந்த வாரத்திலேயே உறவுக்காரர்கள் சேர்ந்து ஒன்பது அடி நீளத்தில் ஒரு கொங்கிரீட் சரிவு போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அதன் மேல்பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று வருகிறது. நடுவில் ஒரு வெடிப்பு, ஒரு பக்கம் முழுக்கப் பாசி. கூரைத் தண்ணீர் நேராக அதன்மேல்தான் விழுகிறது. கீழ்முனையில் மண் அரித்து மூன்று அங்குலத்துக்கு ஒரு படி மாதிரி ஆகிவிட்டது. கைபிடிக் குழாய் அடியில் துருப்பிடித்து ஆடுகிறது. போன மாதம் கிளினிக் போக இறங்கும்போது முன்சக்கரம் அந்தப் படியில் இடறி மாமா முன்னால் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் பிடித்ததால் தப்பினார்.

கணவர் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். கொழுந்து எடுத்துவிட்டு வந்து நாற்காலியைத் தள்ளுவது இந்தச் சகோதரிதான். அவர் கேட்பவை இவை. "பழையதைக் கொத்திவிட்டு மேலே சீமெந்து பூசி டைல்ஸ் ஒட்டித் தருகிறேன், 35,000 ரூபா" என்கிறார் மேசன். "ஹட்டனில் வெல்டிங் கடையில் இரும்புத் தகட்டில் ஒன்று செய்து போடுவோம்" என்கிறார் கணவர். எது நல்லது? தோட்டத்து வீடுதானே, தோட்டமே கட்டித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே, உண்மையா? தோட்டத்தை நடத்தும் துரையோ, லயத்தோடு சேர்த்து நிலையாக எதையும் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். புது வீட்டுத் திட்டத்தில் பெயர் இருக்கிறது, எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை, அதுவரை பொறுத்துக்கொள்ளலாமா? மாமாவோ, "எனக்காகச் செலவு வேண்டாம், நான் உள்ளேயே இருந்துகொள்கிறேன்" என்கிறார்.

சகோதரி, கடிதத்தில் இவ்வளவு அளவுகளை எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. "சரிவு பழுதாகிவிட்டது, என்ன செய்வது" என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் பூச்சைப் பற்றித்தான் பேசியிருப்பேன். 22 அங்குலம், ஒன்பது அடி என்ற இரண்டு எண்களும் வேறு கதை சொல்கின்றன.

தொழில்வழிச் சிகிச்சையாளராக நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் சரிவு உடைந்திருப்பதைக் காட்டிலும், நன்றாக இருக்கும் சரிவே ஆளைத் தள்ளிவிடும் அளவுக்குச் செங்குத்தாக இருப்பதைத்தான் அதிகம் காண்கிறேன். உங்களுடையதும் அப்படித்தான். சக்கர நாற்காலிக்குப் பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. மேசன்மாருக்குப் புரியும்படி சொன்னால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். உங்கள் 22 அங்குலத்துக்கு 22 அடி வேண்டும். இருப்பதோ ஒன்பது அடி. அதாவது ஒன்றுக்கு ஐந்து.

"ஒன்பது வருடமாக ஓடியதுதானே, சரிவில் பிழை இல்லை, மேற்பூச்சுத்தான் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடியது சரிவின் நல்ல குணத்தால் அல்ல, உங்கள் தோளின் பலத்தால். கணக்கைப் பாருங்கள். மாமா 70 கிலோ, நாற்காலி 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 88 கிலோ. ஒன்றுக்கு ஐந்து சரிவில் அதில் ஐந்தில் ஒரு பங்கை, கிட்டத்தட்ட 17 கிலோவை, உங்கள் கைகள் தாங்குகின்றன. ஒரு முழுப் பெயருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, எடுக்கும் கொழுந்தின் நிறையை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நடப்பது போல. ஒன்றுக்குப் பன்னிரண்டில் அதே ஆளுக்கு ஏழு கிலோ சொச்சம்தான் வரும். அந்த அளவை, கையில் பலமுள்ள மாமா தானே சக்கரத்தைத் தள்ளிச் சமாளிக்க முடியும். நீங்கள் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் வாசலுக்கு வந்து போகலாம். புதுச் சரிவினால் நடக்கக்கூடிய பெரிய மாற்றம் இதுதான். கடிதத்தில் யாரும் இதை எதிர்பார்த்ததாகவே தெரியவில்லை.

சந்தேகமாக இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். மேசனிடம் ஓர் அடி நீள ரசமட்டம் வாங்கிச் சரிவின் மேல் நீளவாட்டில் வையுங்கள். மேல்முனை சரிவைத் தொட்டபடி இருக்க, கீழ்முனையைக் குமிழ் நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். கீழே விழும் இடைவெளி ஓர் அங்குலமாக இருந்தால் சரிவு சரி. உங்களுடையதில் இரண்டரை அங்குலம் அளவில் வரும் என்று நினைக்கிறேன்.

மேசன் சொல்வதும் வெல்டிங் கடையும்

மேசன் சொல்வதில் எனக்குப் பிடிக்காதது டைல்ஸ். மினுக்கமான டைல்ஸ் மழையில் எப்படி வழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொரசொரப்பான டைல்ஸ் என்று கொடுத்தாலும், அடியில் ஈரம் ஊறும் இடத்தில் அது ஒவ்வொன்றாகக் கழன்று, கழன்ற இடம் சின்னச் சக்கரத்துக்குக் குழியாகும். வெறும் சீமெந்துப் பூச்சும் அதே கதிதான். பழைய கொங்கிரீட்டின் மேல் அரை அங்குலப் பூச்சு ஒட்டிக்கொள்வது கடினம். சீமெந்துப் பால் தடவி மினுக்கிவிட்டால் பாசிக்கு இன்னும் வசதி.

பூசிச் சரிசெய்வது எப்போதுமே தப்பு என்று சொல்லவில்லை. சரிவின் சாய்மானம் சரியாக இருந்து, அதன் கொங்கிரீட்டும் கெட்டியாக இருந்தால் அதுதான் மலிவான வழி. இதை வாசிக்கும் வேறு யாராவது அந்த நிலைமையில் இருக்கலாம். ஒரு சுத்தியலால் எல்லா இடத்திலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பிழையில்லை. பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் மண் போய்விட்டது அல்லது பூச்சு பிரிந்துவிட்டது. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெரிய விஷயமில்லை. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடித்தளம் இறங்குகிறது; அதன்மேல் என்ன பூசினாலும் பணம் வீண். உங்கள் கீழ்முனையில் மூன்று அங்குலம் அரித்திருப்பதையும் நடுவில் வெடித்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் நான் அந்த 35,000 ரூபாவைச் செலவழிக்க மாட்டேன்.

கணவர் சொல்லும் இரும்பில் ஒரு நல்ல பக்கம் இருக்கிறது, அதை மேசனோடு போட்டியில் தள்ளிவிடாதீர்கள். கழற்றி எடுத்துப் போகலாம். "நிலையான கட்டடம் வேண்டாம்" என்ற துரையின் பேச்சுக்கும், புது வீடு கிடைத்தால் என்ன செய்வது என்ற உங்கள் யோசனைக்கும் அது பதில் சொல்கிறது. ஆனால் பழைய ஒன்பது அடிச் சரிவின் மேலேயே தகட்டைப் போடுவதானால் அதே செங்குத்துத்தான், இன்னும் கூட வழுக்கும். பூப்போட்ட செக்கர் பிளேட்டும் மலைநாட்டுப் பனியிலும் தூறலிலும் சோப்பு மாதிரிதான் இருக்கும். இரும்பென்றால் கால் வைத்த சட்டங்களாக, துண்டு துண்டாக, மொத்தம் 22 அடி வரும்படி செய்ய வேண்டும். மேலே தகட்டுக்குப் பதில் வலைத்தகடு போட்டால் தண்ணீர் தங்காது. சின்னச் சக்கரம் இறங்காத அளவுக்கு அந்த வலையின் கண் சிறிதாக இருக்க வேண்டும். செலவு கொங்கிரீட்டைவிடக் கூடத்தான் போகும். வருடா வருடம் துருவைச் சுரண்டிப் பூச்சடிக்கவும் வேண்டும்.

22 அடியை எங்கே வைப்பது?

வாசலிலிருந்து கான் (வடிகால்) வரை பதினான்கு அடிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகப் போக இடமில்லை, உண்மை. ஆனால் கடைசிக் காம்பராவாக இருப்பது இங்கே உங்களுக்கு அதிர்ஷ்டம். இஸ்தோப்பிலிருந்து வீட்டின் முன்சுவரை ஒட்டி 11 அடி இறங்கி, மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் ஒன்று வைத்து, அங்கே திரும்பிப் பக்கச் சுவரை ஒட்டி இன்னொரு 11 அடி இறங்கலாம். அந்தச் சமதளம் திரும்புவதற்கு மட்டுமல்ல, மாமா மூச்சு வாங்கவும்தான். மேலே கதவுக்கு முன்னாலும் அதேபோல ஐந்தடி சமமான இடம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கையால் கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னால் உருளும். கீழேயும் ஐந்தடி, தரையோடு தரையாக, படி விழாமல்.

இன்னொரு வரியைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். குசினிக் கதவுப் பக்கம் தரை ஐந்து அங்குலம்தான் தாழ்வு, ரோட்டுக்கும் அந்தப் பக்கமாக ஏறலாம் என்று. மலைநாட்டில் வீடு கட்டியிருக்கும் விதமே அப்படி. முன்பக்கம் பள்ளம், பின்பக்கம் மேடு. சரிவுப்பாதை என்றதும் எல்லாரும் முன்வாசலையே பார்க்கிறோம். ஐந்து அங்குலத்துக்கு ஐந்தடி போதும், செலவு நாலில் ஒன்று.

ஆனால் பின்பக்கத்தில் சில முட்டுக்கட்டைகள் உண்டு. குசினிக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். கதவைத் திறந்த பிறகு 32 அங்குலம் இடைவெளி இல்லாவிட்டால் நாற்காலியும் மாமாவின் கை முட்டியும் சேர்ந்து போகாது. லயத்துக் கல்சுவரில் கதவை அகலமாக்குவது, மேலே உத்திரம் வைக்க வேண்டிய வேலை; அதைத் துரைக்குத் தெரியாமல் செய்யவே கூடாது. விறகடுப்பைத் தாண்டித் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலில் உணர்வில்லாதவருக்கு அடுப்புச் சூடு பட்டாலும் தெரியாது. பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவில் உள்ள கானை மூடாதீர்கள். மேலே கொங்கிரீட் பலகை போட்டுக் கடக்கலாம், தண்ணீர் ஓட வழி இருக்க வேண்டும். முக்கியமாக, இடம் பண்ணுவதற்காக மண்திட்டை வெட்டாதீர்கள். ஓரடி வெட்டினாலும் அடுத்த பெருமழையில் என்ன நடக்கும் என்று உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

இரண்டில் எது? இடத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். என் மனம் முன்பக்கம் சாய்கிறது. பின்கதவு ரோட்டுக்கும் கிளினிக்குக்கும் போக வசதி. ஆனால் லயத்தில் பேச்சு, செய்தி, சண்டை, சிரிப்பு எல்லாம் முன்வாசலில்தான். மாமா எங்கே போக ஆசைப்படுகிறார் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும், அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மாமா "வேண்டாம்" என்பதைப் பற்றி

அவர் வேண்டாம் என்று சொன்னது அந்தச் சறுக்கலுக்குப் பிறகா, முன்பா? பிறகு என்றால் அது பயம். மருமகளுக்குப் பாரமாக இருக்கிறோம் என்ற கூச்சமும் கலந்திருக்கும். "சரிவு கட்டட்டுமா மாமா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் செலவை நினைத்து "வேண்டாம்மா" என்றுதான் சொல்வார்கள். "நீங்களே தனியாக வெளியே வர முடிந்தால் முதலில் எங்கே போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கோயிலா, வாசலில் பழைய கூட்டாளிகளோடு உட்காரவா, பேப்பர் வாங்க ரோட்டுக்கா? பதில் வந்தால் முன்பக்கமா பின்பக்கமா என்பதும் தீர்ந்துவிடும். அளக்கும் நாளில் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிந்தது மேசனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவர் உள்ளேயே இருப்பதில் உடம்புக்கும் கேடு உண்டு. வெளியே போகாதவர் ஒரே இருப்பில் நெடுநேரம் இருந்துவிடுவார், உணர்வில்லாத இடத்தில் அழுத்தப் புண் வரும். அரை மணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் பழக்கம் ராகமையில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். சறுக்கிய அன்று எங்காவது அடிபட்டு அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம், கால்களையும் குதிகாலையும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சட்டமும் துரையும்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் இருப்பது உண்மை. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே கலாநிதி அஜித் பெரேரா தொடர்ந்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தி உத்தரவும் பிறப்பித்தது. ஆனால் இவையெல்லாம் பேசுவது பொதுக் கட்டடங்களைப் பற்றி. பொதுமக்கள் வந்து போகும் அலுவலகம், வைத்தியசாலை, வங்கி போன்றவை. குடியிருக்கும் வீட்டு வாசலில் சரிவு கட்டித் தர வேண்டும் என்று தோட்டத்தைக் கட்டாயப்படுத்தும் வரி அவற்றில் இல்லை. ஆகவே "சட்டம் இருக்கிறது" என்று துரையிடம் போய்ப் பேச்சைத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடும். மாமா போகும் கிளினிக்கிலோ தபால் கந்தோரிலோ படி மட்டும் இருந்தால், அங்கே இந்தச் சட்டம் அவர் பக்கம் பேசும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

துரையின் மறுப்பை நான் முழு மறுப்பாகப் பார்க்கவில்லை. லயத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார். சேர்க்காமலே கட்டலாம். சரிவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு, அதில் தாரில் நனைத்த அட்டை வைத்துவிட்டால் சரிவு தனி, சுவர் தனி. சுவரில் ஈரமும் ஏறாது, பிறகு எடுக்க வேண்டி வந்தாலும் சுவருக்குச் சேதம் வராது. இதை எழுத்தில் கொடுங்கள். ஒரு தாளில் கை வரைபடம், நீள அகலம், சுவரைத் தொடாது என்ற குறிப்பு, மாமாவின் மருத்துவ அட்டையின் பிரதி. தோட்டத் தலைவரையும் நலன்புரி உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் உங்கள் தோட்டத்தில் இயங்கினால் அதன் பரிந்துரைக் கடிதமும் உதவும். அனுமதியை வாய்ப்பேச்சாக வாங்கி வராதீர்கள். துரைமார் மாறுவார்கள், அடுத்தவருக்குத் தாள் வேண்டும்.

பண உதவிக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் வீட்டு வசதி உதவிகளும், மாகாணச் சமூக சேவைத் திணைக்களத்தின் உதவிகளும் அவர் மூலமாகத்தான் வரும். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் வைத்தியச் சான்றும் கேட்பார்கள். பணம் வர நாளாகும், முழுச் செலவும் வராது. அதை நம்பி வேலையைத் தள்ளிப் போடாதீர்கள், விண்ணப்பிக்காமலும் இருக்காதீர்கள். வாசலிலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதையைப் பிரதேச சபை உறுப்பினரிடம் கேளுங்கள். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்பது பழைய பேச்சு. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

புது வீட்டைப் பற்றி ஒன்றுதான். அதற்காகப் பொறுத்திருக்க வேண்டாம், ஆனால் திட்டத்தை நடத்துபவர்களிடம் இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்: இந்த வீட்டில் சக்கர நாற்காலிக்காரர் இருக்கிறார், ரோட்டு மட்டத்துக்குக் கிட்டிய மனை வேண்டும், கதவும் கழிவறையும் அகலமாக வேண்டும். அத்திவாரம் போட்ட பிறகு சொன்னால் மறுபடியும் 22 அங்குலப் படியில்தான் நிற்பீர்கள்.

மேசனிடம் சொல்ல வேண்டியவை

முதல் வேலை சரிவு அல்ல, கூரைக்கு ஒரு பீலி. பழைய சரிவைத் தின்றது உங்கள் கூரைத் தண்ணீர்தான். அதைத் திருப்பிக் கானில் விடாமல் எதைக் கட்டினாலும் இன்னொரு ஒன்பது வருடத்தில் எனக்கு இதே கடிதம் எழுதுவீர்கள்.

அப்புறம் அத்திவாரம். நிரப்பிய மண்ணின் மேல் வேண்டாம், கெட்டி மண் வரும்வரை தோண்டட்டும். இரண்டு ஓரத்திலும் கருங்கல் கட்டு, நடுவில் கல்லும் மண்ணும் அடுக்கடுக்காக நனைத்து இடித்து நிரப்பி, மேலே நாலு அங்குலக் கொங்கிரீட், உள்ளே கம்பி வலை. கல்கட்டின் அடியில் நீர் வடிய ஓட்டைகள். ஒன்று, இரண்டு, நாலு (சீமெந்து, மணல், கல்) கலவையில் நாலடி அகலத்துக்கு மேற்பலகைக்கும் சமதளங்களுக்கும் மட்டும் எட்டு ஒன்பது மூட்டை சீமெந்து போகும், கல்கட்டுக்குத் தனி.

மேற்பரப்பை மினுக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள், மேசன்மாருக்குக் கை தானாகவே மினுக்கப் போகும். கொங்கிரீட் இறுகத் தொடங்கும்போது ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்காக இழுத்துவிட்டால் போதும். நீளவாட்டில் இழுத்தால் தண்ணீருக்கு வழி, சக்கரத்துக்குப் பிடியில்லை. இரண்டு ஓரத்திலும் நாலு அங்குல உயரத்துக்கு விளிம்பு, அதில் இடையிடையே தண்ணீர் போக வாய். கைபிடி 34 முதல் 36 அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும். குழாய் கொங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில்தான் துரு பிடிக்கும், அங்கே தண்ணீர் தங்காமல் சிறு மேடு வைத்துப் பூசச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்கு மழை. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வேலையை வைத்துக்கொண்டால் நிம்மதி. ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாளாவது நனைத்து வையுங்கள். குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், அந்த வாரம் முழுக்க நாற்காலியை ஏற்ற வேண்டாம். மாமாவின் கிளினிக் தேதியைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும்

கீழ்முனைப் படியை இந்த வாரமே சரி செய்யுங்கள். கல் அடுக்கி இடித்து, மேலே கொஞ்சம் கொங்கிரீட் போட்டு மூன்றடி நீளத்துக்குச் சாய்த்துவிட்டால் சக்கரம் இடறாது. பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். மாமாவின் கையும் நாற்காலியும் அதில் படாமல் நன்றாகத் தண்ணீர் விட்ட பிறகு பாவியுங்கள். ஆடும் கைபிடியைப் பிடிக்கவே வேண்டாம், ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

இறக்கும்போது மாமாவின் முகம் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, பின்கைபிடியைப் பிடித்து, பின்சக்கரம் முதலில் வரும்படி மெதுவாக இறங்குங்கள். இந்தச் செங்குத்தில் முன்னோக்கி இறக்கினால் மறுபடியும் அதேபோல முன்னால் சாய்வார். இடுப்பில் ஒரு பட்டி கட்டியிருங்கள். மழை பெய்யும்போதும், நீங்கள் ஒருவராக இருக்கும்போதும் இறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனையோ வேறு யாரையாவதோ கூப்பிடுங்கள்.

நாற்காலியின் வயதை எழுதவில்லை. ஒன்பது வருடத்துப் பழையதென்றால் முன்சக்கரத்தின் பேரிங்கும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். மாமா சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். டயரில் காற்று குறைந்தாலும் பிரேக் பிடிக்காது. அடுத்த கிளினிக்கில் நாற்காலியைக் காட்டி, தேவையானால் திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். குசினிக் கதவின் அகலத்தையும், பக்கச் சுவர் ஓரத்தில் எத்தனை அடி இடம் இருக்கிறது என்பதையும் அளந்து எனக்கு எழுதுங்கள். வரைபடம் போட்டுத் தருகிறேன், துரையிடம் அதையே கொடுக்கலாம்.